லாரி வராத வீடு

அக்டோபர் 21, திங்கள்

மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. கீழ்க் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் ஏன் இன்னும் இறங்காமல் நிற்கிறது? எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வாளி ஊற்றினால் விளிம்பு வரை ஏறுகிறது. கால் மணி நேரத்தில் ஒரு விரற்கடை இறங்குகிறது. நடுவில் குபுக்கென்று ஒரு குமிழி.

தெருக்கோடி வரை நடந்து பார்த்தேன். இந்த நகர் முழுக்க முன்பு நெல்வயல். பரம்படித்துச் சமன் செய்த நிலம். மேலே வீடு கட்டிவிட்டதால் அதற்குச் சரிவு வந்துவிடாது. நகராட்சி மூன்று வருடம் முன்பு கட்டிய சாக்கடை எங்கள் மனைகளைவிட முக்கால் அடி உயரம். அதில் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கிறது. தவளை முட்டை மிதக்கிறது.

ஆனால் பதினோரு மழைக்காலம் இதே நிலத்தில் இதே வீட்டில் கழிந்திருக்கிறது. இந்த வருடம் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று புதிதாக நடந்திருக்க வேண்டும். புதிதாக நடந்தது ஒன்றுதான். மே மாதத்தில் பக்கத்து வீட்டு நாகரத்தினம் தன் கொல்லையில் எட்டு லோடு செம்மண் அடித்து ஒன்றரை அடி உயர்த்தினார்.

அக்டோபர் 23, புதன்

காலையில் நாகரத்தினம் வீட்டுக்குக் கழிவுநீர் லாரி வந்தது. தெருவே ஜன்னலை மூடிக்கொண்டது. வருடா வருடம் ஐப்பசியில் வருகிறது.

கல்லூரிக்குக் கிளம்பும்போது அவர் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் லாரி வர வேண்டியிருக்கே. தொட்டி கட்டினதுல ஏதாவது கோளாறு இருக்கா, பாத்தீங்களா?" என்றேன்.

"ஃபுல்லாச்சுன்னா எறக்கி விட்டுத்தான டீச்சர் ஆகணும். முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா இருந்தவன் நான். படியில தொங்க விட முடியுமா?"

அவர்கள் தொட்டி வாசல் பக்கம் தரைக்கு மேல் இரண்டடி எழும்பிச் சமாதி மாதிரி நிற்கிறது. கழிப்பறைக்கே மூன்று படி ஏற வேண்டும். கட்டிய நாளிலிருந்து தெருவில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

எங்கள் வீட்டுக்கு லாரி வந்ததே கிடையாது. பன்னிரண்டு வருடம். கார் ஷெட்டுக்கு அடியில் இருக்கிறது தொட்டி. மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. மூடி எந்தக் கல்லுக்குக் கீழே என்றுகூட எனக்குத் தெரியாது. அதெல்லாம் என் கணவர் மதுசூதனன் பார்த்துக்கொண்டது. அவர் கோயம்புத்தூருக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது, இப்போது பொங்கலுக்கு ஒரு போன் மட்டும். தொட்டி விஷயத்தில் நான் தலையிடவில்லை. அதைக் கட்டிய வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

நாகரத்தினத்தின் மகள் அபிநயா பலகாரத் தட்டோடு வந்தாள். ஐந்து வருடம் முன்பு என் மாணவி. மார்க் சுமார்தான், ஆனால் வகுப்பில் கேள்வி கேட்கிறவள் அவள் ஒருத்திதான். ஜனவரியில் பிரசவம். செப்டம்பரிலிருந்தே அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"மேம், இது அம்மா செஞ்ச பாதுஷா. கல்லாட்டம் இருக்கு. திட்டிக்கிட்டே தின்னுடுங்க."

தண்ணீர் கேட்டாள். கேன் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது தண்ணியே இல்ல மேம். சும்மா ஈரம். எங்க அடிபம்புத் தண்ணி குடிச்சுப் பாத்திருக்கீங்களா? எளநி தோத்துடும்."

"நகராட்சித் தண்ணியக் காய்ச்சிக் குடி. கர்ப்பமா இருக்கும்போது நிலத்தடித் தண்ணி வேண்டாம்."

"அதுல பிளீச்சிங் பவுடர் வாடை. கொமட்டுது. மாசமா இருக்கறவ போய்க் கொமட்டறதக் குடிப்பாளா?"

போகும்போது தன் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை.

நவம்பர் 9, சனி

மீண்டும் மழை. கீழ்க் கழிப்பறையை மூடிவிட்டேன். மாடியில் உள்ளதை மட்டும் பயன்படுத்துகிறேன். அதுவும் முனகுகிறது. கொல்லையில் நாற்றம்.

6.10 மணி: நாகரத்தினம் பச்சை ஹோஸ் பைப்பைத் தன் கொல்லையிலிருந்து சுவரைத் தாண்டி அந்தப் பக்கக் காலி மனைக்குள் விட்டார். மோட்டார் ஓடியது.

6.45: நிறுத்தினார். பைப்பை அலசிச் சுருட்டினார்.

மழை பெய்யும்போதுதான் இது நடக்கிறது. செவ்வாய், வியாழன், இன்று. எதையாவது வெளியே விடுகிறவர்கள் மழையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கலந்துவிடும் என்பதால்.

கேட்டேன். "கொல்லையில முட்டிக்கால் தண்ணி டீச்சர். விட்டா பம்பு முழுவிடும்" என்றார். கேட்டதுமே பதில் வந்தது. அவ்வளவு விரைவாக வரும் பதிலை நான் நம்புவதில்லை. வாய்மொழித் தேர்வில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

செவ்வாயன்று அபிநயாவிடம் கேட்டு அவர்கள் பம்பிலிருந்து புதிதாக ஒரு பாட்டில் வாங்கிக் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தேன். அம்மோனியா இருக்கக் கூடாத அளவில் இருக்கிறது. நைட்ரேட்டும் அப்படியே. மலக் கிருமியைக் காட்டும் பாட்டில் ஒரே நாளில் தார் மாதிரிக் கறுத்துவிட்டது. சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தத் தண்ணீரில் கழிவு கலக்கிறது.

ஆக, அவர் தொட்டி கசிந்து அவர் பம்புக்கே போகிறது. இந்த நிலத்தில் எட்டடிக்குக் களிமண், அதற்குக் கீழே மணல். மணலைத் தொட்டுவிட்டால் எதுவும் எங்கும் போகும்.

மாலையில் டேப் வைத்து அளந்தேன். அவர்கள் தொட்டியிலிருந்து அடிபம்புக்கு ஐம்பத்திரண்டு அடி. என் கார் ஷெட்டிலிருந்து, சுவரைத் தாண்டி, பதினான்கு அடி. இரண்டாவதை எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

அபிநயாவின் அம்மா செண்பகத்திடம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன்.

"எங்க ஊட்டுத் தண்ணியில என்ன டீச்சர் கொற?" என்றாள். "இந்தத் தெருவுல பாதிப் பேரு கொடம் எடுத்துக்கிட்டு இங்கதான் வர்றாங்க."

சோதனை முடிவைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவர் இரவோடு இரவாகத் தொட்டியைச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டு ஒன்றுமே இல்லை என்பார். முதலில் எழுத்தில் புகார். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 18, திங்கள்

நகராட்சி சுகாதாரப் பிரிவில் புகார் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் கதவு எண், ஹோஸ் பைப் ஓடிய தேதிகளும் மணிகளும், சோதனை முடிவுகள். மூன்று பக்கம். ஆய்வாளர் டிசம்பர் ஐந்தாம் தேதி நேரில் வருவார் என்றார்கள்.

திரும்பும் வழியில் அபிநயா வாசலில் நின்றிருந்தாள். கையில் வளைகாப்பு வளையல்கள்.

"மேம், பையன்னா உங்க டிபார்ட்மெண்டுக்கு அனுப்ப மாட்டேன். பொண்ணுன்னா அனுப்பறேன். நீங்க அப்ப இருக்கணும், ரிட்டயர்டு ஆயிடாதீங்க."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

மாடிக் கழிப்பறையும் அடைத்துக்கொண்டது. இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் கலியபெருமாள் வந்தார். டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

மூன்றாவது நாளாக மழை. கல்லூரி விடுமுறை. தெருவும் கொல்லையும் ஒரே மட்டம். கீழ்க் கழிப்பறையில் தண்ணீர் இறங்குவது போய், தானாக ஏறுகிறது. கழிப்பறை வாசற்படியில் துணி திணித்து வைத்திருக்கிறேன். தேவைக்கு ஆட்டோ பிடித்துக் கல்லூரி விடுதிக்குப் போய் வருகிறேன். வார்டனிடம் வீட்டில் பிளம்பிங் வேலை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பச்சை ஹோஸ் நாள் முழுக்க ஓடியது. குடை பிடித்துக்கொண்டு காலி மனைப் பக்கம் போய் அதன் வாயில் வருவதைக் கையில் பிடித்துப் பார்த்தேன். மழைத் தண்ணீர். செம்மண் நிறம். வேறு வாடை எதுவும் இல்லை.

இதனால் எதுவும் நிரூபணமாகிவிடவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

அபிநயாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வாரமாகச் சாப்பாடு செல்லவில்லையாம். மசக்கை என்று நினைத்திருக்கிறார்கள். நேற்று கண் மஞ்சளாகிவிட்டது.

செண்பகம் கேட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பால் பாக்கெட்டை எடுத்து வைக்க வேண்டுமாம்.

"தண்ணியால வந்த மஞ்சக்காமாலங்கறாங்க டீச்சர். மாசமா இருக்கறவளுக்கு இது வரக் கூடாதாம். ரெண்டு உசுருக்கும் ஆகாதாம். நான் அப்பவே நெனச்சேன், வளைகாப்பு மண்டபத்துல ரோஸ்மில்க் குடுத்தான் பாருங்க, அதான்."

நான் எதுவும் சொல்லவில்லை. ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. நேரம் இல்லை. அப்படித்தான் நடந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. ஆய்வாளர் வருவதற்குள் ஐயத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும். ஆய்வகத்திலிருந்து ஃப்ளூரசின் கொண்டுவந்திருக்கிறேன். ஆரஞ்சுப் பொடி; தண்ணீரில் ஒரு சிட்டிகை விழுந்தாலே பச்சையாக ஒளிரும். கண் டாக்டர்கள் கண்ணிலேயே விடுவது, கெடுதல் இல்லை. நாகரத்தினம் வீட்டுக் கழிப்பறையில் போட்டால் அவர் பம்பில் எப்போது வருகிறது என்று பார்க்கலாம். சாவி கையில் இருக்கிறது.

மூன்று படி ஏறிக் கதவு வரை போனேன். அங்கே நின்றபோது வகுப்பில் அபிநயா கேட்டது நினைவுக்கு வந்தது. ஏதோ உப்புச் சோதனை. "மேம், இதுல வருதுன்னு காட்டிட்டீங்க. மத்ததுல வரலன்னு காட்டவே இல்லியே?" வகுப்பு முழுக்க சிரித்தது. கேள்வி சரியான கேள்வி.

திரும்பி வந்து பொடி முழுவதையும் என் வீட்டுக் கழிப்பறையில் கரைத்து ஊற்றினேன். மாலை 4.20. இங்கிருந்து வராது என்று முதலில் காட்டிவிட்டால் பிறகு யாரும் என்னைக் கேட்க முடியாது.

வராது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

காலை வரவில்லை. மாலை வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஐம்பது தடவை பம்பை அடித்து வெள்ளை வாளியில் பிடித்துப் பார்க்கிறேன். தோள் வலிக்கிறது. செண்பகம் தினமும் ஆறு குடம் அடிப்பாள்.

டிசம்பர் 4, புதன்

காலை ஏழு மணி. வாளியில் லேசாகப் பச்சை தெரிகிற மாதிரி இருந்தது. மேகமூட்டம், வெளிச்சம் போதாது.

பத்து மணிக்கு வெயில் வந்தது. வாளியை வெயிலில் வைத்துப் பார்த்தேன்.

கலியபெருமாள் 22ஆம் தேதி சொன்னதை நான் அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஷெட்டில் குந்தி உட்கார்ந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏன் டீச்சரம்மா, இதுக்கு அடியில தளம் போடவே இல்லியே, நெனவு இல்லியா?"

"அது அவர் பாத்துக்கிட்ட வேலை. எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சார் தளம் போடுன்னுதான சொன்னாரு. நீங்கதான் டீ கொண்டாந்தீங்க. தளம் போட்டா என்ன, போடாட்டி என்னன்னு கேட்டீங்க. போடாட்டி தண்ணி மண்ணுல எறங்கிடும், ரொம்பவே ரொம்பாது, லாரியே கூப்பிட வேணாம்னேன். அப்ப அப்படியே விட்டுடுங்க, வீட்டு வாசல்ல அந்த லாரி வந்து நிக்கறத என்னால பாக்க முடியாதுன்னீங்க. ஊருல எல்லாரும் அப்படித்தான் கட்டுனோம். தப்புன்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. எனக்கு அந்த டீ டம்ளர்கூட ஞாபகம் இருக்கிறது. அக்டோபர் 23ஆம் தேதி இதே நோட்டில் நான் தலையிடவில்லை என்று எழுதும்போதும் ஞாபகம் இருந்தது.

பன்னிரண்டு வருடமாக எங்கள் தொட்டி நிரம்பவில்லை. நிரம்ப வேண்டியது எங்கே போயிற்று என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அவர்கள் தொட்டிக்கு நாலு பக்கமும் அடியும் இருக்கிறது. அதனால் நிரம்பியது. அதனால் லாரி வந்தது.

இந்த வருடம் நிலத்தடி நீர் தொட்டியின் அடி வரை ஏறியிருக்கிறது. உள்ளே இருந்தது வெளியே போன வழியாக வெளியே இருந்தது உள்ளே வருகிறது. அவர் அடித்த எட்டு லோடு மண்ணும் அந்த ஹோஸும் இதில் எங்கும் வரவில்லை.

நாளை நடக்கப்போவது: பதினொரு மணிக்கு ஆய்வாளர் வருவார். நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாளியைக் காட்டுவேன். அவரே அதிகாரபூர்வமாக நாகரத்தினத்திடம் சொல்வார். நான் பக்கத்தில் நின்றால் போதும். அதுதான் முறை. அதுதான் எல்லோருக்கும் நல்லது.

டிசம்பர் 5, வியாழன்

உண்மையில் நடந்தது வேறு.

ஆறரை மணிக்கே நகராட்சியிலிருந்து போன். எல்லோரையும் வெள்ள நிவாரண முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆய்வாளர் அடுத்த மாதம்தான் வருவார். சரி என்று வைத்துவிட்டேன். வாளியில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கொட்டினால் போகும். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று எழுத மாட்டேன்.

அப்போது பக்கத்துக் கொல்லையில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. நாகரத்தினம் முதல் பஸ்ஸில் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். நான்கு நாள் தாடி. ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இது?" என்றேன் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

"பாப்பாவுக்குத்தான் டீச்சர். ஆஸ்பத்திரித் தண்ணி தொண்டைல எறங்க மாட்டேங்குதாம். நம்ம ஊட்டுத் தண்ணி குடுப்பான்னு அழுவுறா. ஒரு நாளு விட்டு ஒரு நாளு இதத்தான் கொண்டு போறேன்." கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னைக்குத்தான் கொஞ்சம் பாசி கலந்தாப்புல இருக்கு. மழையில்ல."

"அதக் குடுக்காதீங்க."

"வடிகட்டித்தான் டீச்சர் குடுப்போம்."

"அது எங்க வீட்டுது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். தளம் இல்லாத தொட்டி, மணல், பதினான்கு அடி, ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய பொடி. வகுப்பில் சொல்வது போல வரிசையாகத்தான் சொல்ல வந்தது. அவர் பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"தண்ணி கெட்டதுன்னு போன மாசம் பதினாலாந் தேதி தெரியும். எங்களோடதுன்னு நேத்து." பிறகு, "நேத்து இல்ல. கொத்தனார் வந்துட்டுப் போன அன்னைக்கே. இருபத்திரண்டாந் தேதி."

அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். நாட்களாக இருக்கும். பிறகு போனை எடுத்தார். "செண்பகம், அங்க இருக்கற தண்ணியக் கீழ கொட்டு. ஒரு சொட்டு வைக்காத. ஏன்னு கேக்காத, கொட்டு. கடைத்தண்ணி வாங்கு."

ஸ்பேனர் கொண்டுவந்து பம்பின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

தெருவில் குடம் எடுக்க அங்கே வருகிற ஏழு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கடைசி வீட்டுப் பெண் மட்டும், "படிச்சவங்க ஊடுன்னு நெனச்சோம்" என்றாள்.

பத்து மணிக்குக் கலியபெருமாள் டைல்ஸை உடைத்தார். ஷெட்டின் நடுவில் மூடி இருந்தது. நீளமான கம்பியை உள்ளே விட்டார். எங்கும் முட்டவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த லாரி என் வாசலில் நின்றது. யாரும் ஜன்னலை மூடவில்லை. எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒரு மணி நேரம் இழுத்த பிறகு டிரைவர் குழாயைச் சுருட்டினார்.

"யம்மா, இது டேங்க் இல்ல, கெணறு. நான் இழுக்க இழுக்க ஊறிக்கிட்டே இருக்கு. தை பொறக்கட்டும், தண்ணி கீழ போகட்டும். அதுவரைக்கும் ஊட்டுல எந்தப் பாத்ரூமையும் தொறக்காதீங்க."

இரண்டு மணிக்கு நகராட்சிக்குப் போய்ப் பழைய புகாரை வாபஸ் வாங்கிவிட்டு, என் கதவு எண் போட்டுப் புதியது கொடுத்தேன். கிளார்க் இரண்டு முறை படித்தார்.

"ஒங்க மேலயே நீங்க புகார் குடுக்கறீங்களாம்மா?"

"ஆமாம்."

"இதை எந்த ரிஜிஸ்டர்ல ஏத்தறது?" என்று பக்கத்து மேஜையைக் கேட்டார். அங்கேயும் தெரியவில்லை. முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்கள்.

நாலரை மணிக்கு நாகரத்தினம் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நான் வாசலில் நின்றிருந்தேன். அவராகவே சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை; கேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"கொழந்த துடிப்பு இருக்குங்கறாங்க. அவளுக்கு மஞ்ச இன்னும் எறங்கல. ரெண்டு நாளு போனாத்தான் சொல்ல முடியுமாம்."

கேட் சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"தை பொறக்கறவரைக்கும் எங்க போவீங்க? காலேஜு ஹாஸ்டலுக்கு தெனம் ஆட்டோ புடிப்பீங்களா?" குரலில் பரிவு இல்லை. ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற குரல். "பின்பக்கக் கதவு தாப்பா போடல. போயிக்குங்க."

பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு போனேன். மூன்று படி ஏறினேன். அவர்கள் வீட்டில் ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கியது.